கரையும் துறையும்

பிறமொழிச் சொல் ஒன்று ஒரு நாட்டிற்குள் புகும்போது பெரும்பாலும் தனியே வருவதில்லை. ஏதேனும் ஒரு பொருளின் கையைப் பற்றிக்கொண்டே வருகின்றது. புகைவண்டி வந்த பின்னரே ‘ரயில்’ என்னும் சொல் தமிழர் நாவில் ஏறிற்று. மிதிவண்டி வந்த பின்னரே ‘சைக்கிள்’ வந்தது. ஆதலின் ஒரு சொல் எப்போது வந்தது என்று ஆராயப் புகுந்தால், ஒரு பொருள் எப்போது வந்தது என்பதும் விளங்கும். அப்பொருளுக்காக மக்கள் பட்ட பாடும் விளங்கும். சென்னைத் துறைமுகத்தில் வழங்கும் ‘கீ’ என்னும் ஆங்கிலச் சொல் இதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

கியூ, யூ, ஏ, ஒய் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்படும் அச்சொல்லை முதன்முதற் காணும் மாணவர் ‘குவே’ என்றே படிப்பர். ஆங்கிலேயரோ, திறவுகோலைக் குறிக்கும் சொல்லை ஒலிப்பது போலவே இதனையும் ‘கீ’ என்று ஒலிப்பர். எழுத்து ஒருவாறாகவும் ஒலி வேறாகவும் அமைந்ததற்குக் காரணம் உண்டு. இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. முற்கால ஆங்கிலேயர் இதனை ஒலிக்கு ஏற்பவே எழுதி வந்தனர். பிற்காலத்தில் பிரெஞ்சு முறையைத் தழுவி எழுத்தை மாற்றிக்கொண்டனர். பழகிய நாவோ மாறவில்லை. பிரெஞ்சு மொழிக்கு இச்சொல்லை அளித்தது கெல்திய மொழி என்பர் மொழிநூலார். அங்கே இதன் வேர்ச்சொல் வேலியையும் அடைப்பையும் குறித்தது. நிலத்துக்கும் நீருக்கும் இடையே மனிதன் இட்ட வேலியே ‘கீ’ என்று கொண்டால், அச்சொல்லின் பொருள் மனத்தில் எளிதிற் பதியும்.

இயற்கைக் கரையில் இத்தகைய வேலி இல்லை. அங்கே நிலம் சிறிது சிறிதாகச் சரிந்து நீரில் இறங்குகின்றது. நிலம் எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. அலை நனைக்கும் மணல் ஒரு கணம் கடலுக்கு உரியது. மறுகணம் நிலத்துக்கு உரியது. பெரிய கப்பல் இத்தகைய கரையை அணுகினால் தரைதட்டி நிற்கும். ஆதலின் பொறியியலார் கரையை ஒட்டிக் கடலடியை ஆழமாகத் தோண்டுவர். கல்லாலும் காரையாலும் செங்குத்தான சுவர் எழுப்புவர். சுவரின் பின்புறத்தை மண்ணிட்டு நிரப்புவர். மேலே வண்டிகளும் பாரந்தூக்கிகளும் இயங்குமாறு சமதளம் அமைப்பர். கப்பல் அத்தளத்தை ஒட்டி வந்து அணையும். அதன்பின் கப்பலுக்கும் நிலத்துக்கும் இடையே சில அடித் தொலைவே இருக்கும். இவ்வமைப்பே ‘கீ’. தமிழில் இதனைத் துறைமேடை எனலாம்.

இச்சொல்லோடு உறவுடைய வேறு சில சொற்களும் உள்ளன. அவற்றின் வேறுபாட்டை அறிந்தால் இதன் பொருள் மேலும் தெளிவாகும். கரையிலிருந்து கடலுக்குள் பாலம் போல் நீண்டு செல்லும் அமைப்பு ‘பியர்’ எனப்படும். அதன் தூண்களுக்கு இடையே அலைநீர் தடையின்றி ஓடும். ஆலப்புழையிலும் தலைச்சேரியிலும் மலையாள மக்கள் ‘கடல்பாலம்’ என்று வழங்குவது இதனையே. சிறு கலங்கள் அணைவதற்கென நீரில் நீட்டிய சிறிய அமைப்பு ‘ஜெட்டி’. யாழ்ப்பாணத் தமிழர் இதனை ‘இறங்குதுறை’ என்று அழகாக வழங்குவர். ‘வார்ஃப்’ என்பது சரக்கை ஏற்றவும் இறக்கவும் அமைந்த கரைமேடை; கீக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதே. ‘டாக்’ என்பதோ மேடையன்று. மேடைகளால் சூழப்பட்ட நீர்ப்பரப்பு. சென்னையில் ‘ஜவஹர் டாக்’ என்றால் கப்பல்கள் நிற்கும் நீர்ப்பரப்பை எண்ணுதல் வேண்டும். ‘மேற்குக் கீ’ என்றால் கப்பலைத் தாங்கி நிற்கும் கரைமேடையை எண்ணுதல் வேண்டும். அமெரிக்கர் மட்டும் படகு கட்டும் மேடையையே ‘டாக்’ என்று கூறுவர்.

இவற்றுள் ‘வார்ஃப்’ என்னும் சொல் கடலை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டது. இந்திய ரயில் நிலையங்களில் வந்திறங்கிய சரக்கைக் குறித்த காலத்திற்குள் எடுத்துச் செல்லாத வணிகர் ஒரு கட்டணம் செலுத்தவேண்டும். அதற்கு ‘வார்ஃபேஜ்’ என்று பெயர். கடலையே காணாத உள்நாட்டு நிலையத்திலும், சரக்குக் கொட்டகையில் தங்கிவிட்ட நெல்மூட்டைக்குக் கடற்கரைச் சொல்லால் ஆன கட்டணம்! பொருள் மறைந்த இடத்திலும் சொல் வாழும் என்பதற்கு இஃதொரு சான்று.

தமிழிலோ இவை அனைத்திற்கும் தாயாக நிற்கும் சொல் ஒன்று உண்டு. அது ‘துறை’. மக்கள் நீரில் இறங்கும் இடமெல்லாம் துறையே. நீராடும் இடம் நீர்த்துறை. ஆடை வெளுக்கும் இடம் வண்ணாந்துறை. பரிசல் அணையும் இடம் பரிசல்துறை. ஆற்றங்கரையில் மயிலாடுதுறை உள்ளது. ஈழத்துக் கடற்கரையில் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் உள்ளன. துறையின் முகம் துறைமுகம் ஆயிற்று. கல்விப் பகுதியும் துறை. அரசாங்கப் பிரிவும் துறை. கற்கத் தொடங்கிய ஒன்றன் மறுகரையைக் கண்டவரைத் ‘துறைபோகியவர்’ என்று சான்றோர் பாராட்டினர்.

‘கீ’ என்பதற்கும் ‘துறை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. கீ கப்பலை நோக்கிப் பிறந்த சொல். துறை மனிதரை நோக்கிப் பிறந்த சொல். சுவர் இல்லையேல் கீ இல்லை. மக்கள் இறங்கிப் பழகிய தடம் இருந்தாலே துறை உண்டு. இதனால் பண்டைத் தமிழர் துறைமேடை கட்ட அறியாதவர் என்று எண்ணுதல் தவறு. பூம்புகாருக்கு அருகே கீழையூரில் தொல்பொருள் ஆய்வாளர் 1960-களில் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய மேடையொன்றும், படகு கட்டுவதற்கென நட்ட மரத்தூண்களின் எச்சமும் வெளிப்பட்டன. கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முற்பட்டது அது என்று கணித்தனர். அதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் இட்ட பெயர் ‘வார்ஃப்’ என்பதே. அப்பட்டினத்தில் இறங்கிய பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பொருளும் தொழிலும் இருந்தன. அவற்றிற்கெல்லாம் ‘துறை’ என்னும் ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

காவிரியின் முகத்துவாரத்தில் எளிதாக அமைந்த துறை, சென்னையின் திறந்த கடற்கரையில் எளிதாக அமையவில்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1639-ஆம் ஆண்டில் சென்னையில் இடம் பெற்றபோது, அங்கே கப்பல் ஒதுங்க விரிகுடா இல்லை. ஆழமான கழிமுகமும் இல்லை. வங்கக் கடலின் அலைகள் நேரே வந்து மணலில் மோதின. கப்பல்கள் கரைக்கு வர அஞ்சித் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து ஆளையும் பொருளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அப்படகில் ஓர் இரும்பாணியும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். ஆணி அடித்த படகு அலையின் அடியில் பிளந்துபோகும். தைத்த படகோ அலையோடு வளைந்து கொடுத்து மீளும். படகும் இறங்க இயலாத நாளில் கட்டுமரக்காரர் கடலில் இறங்குவர். கடிதங்களைத் தலைக்குல்லாயில் வைத்துக் காத்து, அலையைப் பிளந்து சென்று கப்பலில் சேர்ப்பர். அவர்கள் ஏறிச் சென்ற ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச் சொல், ‘கேட்டமரான்’ என்று ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட விரைவுக் கலங்களுக்கு அதுவே பெயர். ஆங்கிலேயர் இக்கரைக்குக் ‘கீ’ என்னும் சொல்லைக் கொண்டுவருமுன்பே, இக்கரை அவர்களுக்கு ஒரு சொல்லை ஈந்துவிட்டது.

1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. கடற்கரைக்கு அண்மையில் எழுந்த அந்நிலையம் இன்றும் நிற்கின்றது. நிலத்தின் வழி இரும்புப் பாதையாகிவிட்டது. கடலின் வழியோ கயிற்றால் தைத்த படகாகவே இருந்தது. இவ்வேற்றுமையை வணிகர் பொறுக்கவில்லை. 1861-இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு பியர் அமைக்கப்பட்டது. 1868-லும் 1872-லும் வீசிய புயல்கள் அதனைச் சிதைத்தன. பின்னர்க் கடலில் இரு பெருங்கைகள் போல் அலைதடுப்புச் சுவர்களை நீட்டி, நடுவே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கத் திட்டமிட்டனர். 1875-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. வேலை முடிவதற்குள் 1881-ஆம் ஆண்டு நவம்பரில் பெரும்புயல் வந்து அச்சுவர்களை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினர், அந்நூற்றாண்டின் இறுதியில் அதனை முடித்தனர். அப்போதும் குறை தீர்ந்தபாடில்லை. கப்பல்கள் அமைதியான நீரில் நின்றன. எனினும் சரக்கு படகில் இறங்கியே கரைக்கு வந்தது. துறைமுகம் இருந்தது, துறைமேடை இல்லை.

1904-ஆம் ஆண்டில் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலார். கிழக்கு நோக்கியிருந்த வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கச் செய்தார். கரைமேடைகளை எழுப்பும் பணியும் அவர் காலத்தில் வளர்ந்தது. 1920-ஆம் ஆண்டின் இறுதிக்குள் மேற்குக் கீயில் நான்கு கப்பல்களும், கிழக்குக் கீயிலும் தெற்குக் கீயிலும் ஒவ்வொரு கப்பலும் நிற்க இடம் அமைந்தது. ஏறத்தாழ 280 ஆண்டுகள் இப்பட்டினம் காத்திருந்து பெற்ற செல்வம் இது. விடுதலைக்குப் பின் 1964-இல் ஜவஹர் டாக் அமைந்தது. 1970-களில் பாரதி டாக் அமைந்தது. 1983-இல் பெட்டகக் கப்பல்களுக்கென ஒரு முனையம் எழுந்தது.

துறைமேடையின் நோக்கமே இடையில் நிற்பதை நீக்குவதுதான். சென்னையில் கப்பலுக்கும் நிலத்துக்கும் இடையே நின்றவர் யார்? மசூலாப் படகோட்டிகளே. கப்பல் மேடையை அணைந்தபோது அவர்களுடைய தொழில் முடிவுற்றது. சரக்கு விரைவாக இறங்கிற்று, நனைந்தும் மூழ்கியும் அழிந்த பொருள் மிஞ்சிற்று, உயிர்ச்சேதம் குறைந்தது. இந்நன்மைகளை மறுப்பார் இலர். எனினும் அலையோடு வளைந்து கொடுத்த ஒரு கைத்தொழில் அக்கரையை விட்டு மறைந்தது என்பதும் உண்மையே.

இடையில் நின்ற மற்றொன்றும் இருந்தது. அது மணல். தமிழகத்தின் இக்கரையோரம் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் அதனை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில திங்களில் அது தெற்கே திரும்புகின்றது. வரவையும் செலவையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. கரைக்கு அணிந்த மணிமாலை போல் ஓயாது நகர்ந்த இம்மணலைத் துறைமுகச் சுவர்கள் குறுக்கே நின்று தடுத்தன. தென்புறம் மணல் குவிந்தது. மெரினாக் கடற்கரை அகன்று விரிந்தது. வடபுறமோ, வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலை அலை கொண்டுபோயிற்று. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலும், அதற்கு அப்பாலும் கடல் ஊரை நோக்கி நகர்ந்தது. வலை உலர்த்திய இடம் கடலாயிற்று. வீடுகளும் தெருக்களும் அலைக்கு இரையாயின. மாலைப்பொழுதில் மெரினாவில் காற்று வாங்குவோரின் காலடியில் கிடக்கும் மணலில், வடசென்னைக்குப் போயிருக்கவேண்டிய மணலும் உண்டு.

மீதியிருந்த ஊரைக் காக்கப் பெரும்பாறைகளைக் கொண்டுவந்து கரையெங்கும் அடுக்கினர். எண்ணூர்ச் சாலையில் செல்வோர் ஒருபுறம் தொழிற்சாலைகளையும் சரக்கு வண்டிகளையும் காண்பர். மறுபுறம் கருங்கற்குவியலைக் காண்பர். கடலுக்குள் நீளும் கற்சுவர்களும் அங்கு உண்டு. பொறியியலார் அவற்றிற்கு ஆங்கிலத்தில் ‘குரோயின்’ என்று பெயரிடுவர். தமிழ்நாட்டிலோ அதற்குத் ‘தூண்டில் வளைவு’ என்னும் பெயர் வழங்குகின்றது. மீனைப் பிடிக்கும் தூண்டில் போல் வளைந்து நின்று மணலைப் பிடிக்கும் சுவர்! பிறநாட்டு அமைப்பிற்குத் தம் தொழிலிலிருந்தே பெயர் கண்ட கடற்கரைத் தமிழின் ஆற்றலை இச்சொல்லில் காணலாம். பட்டினத்தார் அடங்கிய இடமெனப் போற்றப்படும் திருவொற்றியூர்க் கடற்கரையும் இன்று கல்லின் காவலில் வாழ்கின்றது.

இனி, இச்சொற்கள் உலகின் பிற பகுதிகளில் அடைந்துள்ள மாறுதலையும் நோக்குதல் தகும். இலண்டனில் ‘கேனரி வார்ஃப்’ என்பது ஒருகாலத்தில் கேனரித் தீவுகளின் பழங்கள் வந்திறங்கிய இடம். அங்கிருந்த டாக்குகள் 1980-இல் மூடப்பட்டன. இன்று அப்பெயரில் வானளாவிய வணிகக் கட்டடங்கள் நிற்கின்றன. சிங்கப்பூர் ஆற்றின் கரையில் ‘போட் கீ’, ‘கிளார்க் கீ’ என்னும் இடங்கள் உள்ளன. முற்காலத்தில் அவ்வாற்றில் சரக்குப் படகு செலுத்தியவருள் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் பலர். அவர்களைச் சூலியர் என்பர். 1983-இல் சரக்குப் படகுகள் அவ்வாற்றைவிட்டு அகற்றப்பட்டன. இப்போது அங்கே மக்கள் உண்ணவும் உலவவும் வருகின்றனர். கப்பல் போன பின்னும் கீ என்னும் பெயர் போகவில்லை.

வடசென்னையின் கதை வேறு. இங்கே கீ பெயரளவில் நிற்கவில்லை. இரவும் பகலும் உழைக்கின்றது. துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசியும் இரும்புத்தாதின் தூசியும் இராயபுரத்தின் வீடுகளில் படிந்தன. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011-இல் அவ்விரு சரக்குகளையும் அங்கே கையாளுதல் நின்றது. நிலக்கரி எண்ணூருக்குச் சென்றது. அங்கே 2001-இல் தொடங்கிய துறைமுகம் 2014-முதல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. இராயபுரத்தின் மூச்சு சிறிது தெளிந்தது. எண்ணூரின் பங்கு கூடிற்று. கொசத்தலையாறு கடலிற் கலக்கும் அக்கழியில் மீன்பிடித்து வாழ்வோர்க்கும் கரை வேண்டும். நாட்டின் மின்விளக்குகள் எரிய நிலக்கரியும் இறங்கவேண்டும். இரண்டும் ஒரே கரையைக் கேட்கின்றன. எளிதில் தீரும் வழக்கன்று இது.

இவ்விரண்டிற்கும் இடம் தரும் காட்சி ஒன்று காசிமேட்டில் உண்டு. விடியுமுன்னரே விசைப்படகுகள் மேடையை ஒட்டி அணைகின்றன. கூடைகள் கைமாறுகின்றன, ஏலக்குரல் எழுகின்றது, பனிக்கட்டி உடைபடுகின்றது, மகளிர் விலை பேசுகின்றனர். கல்லால் கட்டியமையால் அது மேடை. மக்கள் தம் வாழ்வுக்காக வந்து இறங்குவதால் அது துறை. ஆங்கிலச் சொல்லின் பயனும் தமிழ்ச் சொல்லின் பண்பும் அங்கே ஒருங்கே நிற்கின்றன.

பிறமொழிச் சொல்லைக் கற்பது குற்றமன்று. அதன் பொருளை அரைகுறையாகக் கற்பதே குற்றம். ‘கீ’ என்பதன் வேர் வேலி. வேலிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் பயிர் காக்கப்படும்போது மறுபக்கத்தில் யாருடைய வழி அடைபட்டது என்று பார்ப்பவனே நல்ல உழவன். கடற்கரையில் கல் அடுக்கும் பொறியியலாரும், அதற்குத் திட்டம் தீட்டும் ஆட்சியாளரும், நாளை அப்பொறுப்புகளை ஏற்கப்போகும் இன்றைய மாணவரும் அவ்வாறே இரண்டு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கப்பல் அணையத் துறைமேடை வேண்டும். கட்டுமரம் ஏறக் கரையும் வேண்டும். இவ்விரண்டையும் காக்கும் வழியைக் கண்டவரே இத்துறையில் துறைபோகியவர் ஆவர்.